நான் கட்டிய இரண்டு பொட்டலங்கள்

பாலக்காட்டுப் பக்கம் கஞ்சிக்கோட்டில் ஓர் இரும்புக் கம்பித் தொழிற்சாலையின் பரிசோதனைக் கூடத்தில் இருபத்து மூன்று வருஷமாக எனக்கு ஒரே வேலை. வீடு கட்டுகிற கம்பியில் ஒரு முழத்துண்டு வெட்டிக் கொண்டுவந்து கொடுப்பார்கள். அதை மெஷினின் இரண்டு தாடைகளுக்கு நடுவே மாட்டி, அறுந்து விழும்வரை இழுப்பேன். எவ்வளவு தாங்கியது என்று எழுதிக் கையெழுத்துப் போடுவேன். கம்பி அறும்போது வேட்டுப் போட்டதுபோல் சத்தம் வரும். புதிதாக வேலைக்கு வருகிறவர்கள் முதல் வாரம் முழுக்கத் துள்ளிக் குதிப்பார்கள். எனக்கு அது நாதஸ்வரம் மாதிரி. ஒரு சந்தேகம் தீர்ந்தது என்று அர்த்தம்.

வேலைப் புத்தி வீட்டுக்கும் வந்துவிட்டது. உறவில் யாராவது "மாப்பிள்ளை தங்கமான பையன்" என்றால், "யார் பாத்தது, எத்தனை நாள் பாத்தாங்க?" என்று கேட்பேன். இப்போதெல்லாம் கல்யாணப் பேச்சுக்கு என்னைக் கூப்பிடுவதில்லை. பந்திக்கு மட்டும் கூப்பிடுகிறார்கள்.

கூடத்தில் என் கையெழுத்துக்கு ஒரு மரியாதை உண்டு. புதிதாகச் சேர்ந்த ஒரு பெண் ஒருநாள் இரண்டு கம்பிகளை இழுத்துவிட்டு, மூன்றாவதை இழுக்காமலே முதல் இரண்டைப் பார்த்து எண்ணை எழுதிவிட்டாள். மூன்றும் ஒரே வார்ப்புதான், அதே எண்தான் வந்திருக்கும். ஆனாலும் நான் அவளிடம் நான்கு நாள் பேசவில்லை. ஐந்தாம் நாள் பேசினேன். பேசாமலே இருந்திருக்கலாம் என்று அவள் நினைத்திருப்பாள்.

என் கணவர் எனக்கு நேரெதிர். கொழிஞ்சாம்பாறைக்கும் பாலக்காட்டுக்கும் ஓடுகிற தனியார் பஸ்ஸில் கண்டக்டர். அடுத்த நிறுத்தத்தில் இறங்கிவிடுவேன் என்று சொல்லிவிட்டுத் தூங்குகிறவரை நம்புவார். மழை வராது என்று டிரைவர் சொன்னால் நம்பி, குடையை வீட்டிலேயே விட்டுப் போவார். நனைந்து வந்து, "நாளைக்கு வராதுங்கறாரு" என்பார். அவருக்கு ஒரு குரல் இருந்தது. பஸ் வளைவில் திரும்புமுன் அவர் குரல் எலப்புள்ளி நிறுத்தத்துக்கு வந்துவிடும். "பாறா, பாறா, பாறா" என்று அவர் இழுத்துக் கூப்பிட்டால், பாறா என்கிற ஊரில் வேலை இல்லாதவனுக்கும் ஏறலாமா என்று தோன்றும். என்னைப் பெண் பார்க்க வந்த அன்று அவர் பேசியது நான்கு வார்த்தைதான். அந்த நான்கு வார்த்தையை நம்பித்தான் சரி என்றேன். வாழ்க்கையில் நான் சோதித்துப் பார்க்காமல் வாங்கிய ஒரே சரக்கு அவர்.

போன வருஷம் ஆடியில் அவர் தண்ணீர் குடிக்கும்போது கழுத்தில் ஏதோ ஏறி இறங்குவதைப் பார்த்தேன். நெல்லிக்காய் அளவு. பாலக்காட்டில் ஒரு மருத்துவமனைக்கு இழுத்துக்கொண்டு போனேன். ஊசி குத்தி எடுத்தார்கள். ஒரு வாரம் கழித்து ரிப்போர்ட் வந்தது. நல்லதென்றும் இல்லை, கெட்டதென்றும் இல்லை. தீர்மானமாகச் சொல்ல இயலாது என்று இருந்தது.

எனக்கு வந்த கோபத்துக்கு அளவில்லை. நான் இப்படி ஒரு ரிப்போர்ட் கொடுத்திருந்தால் என் மேலாளர் என்னையே மெஷினில் மாட்டி இழுத்திருப்பார். டாக்டர் மலையாளிப் பெண், என்னைவிட வயது குறைவு, பொறுமைசாலி.

"சேச்சி, அதிகமும் ஒண்ணும் இருக்காது. பக்ஷே உறப்பு வேணும்னா முழுசா எடுத்துத்தான் பாக்கணும்," என்றார். உறப்பு என்றால் அவர்கள் பாஷையில் உறுதி. அந்தச் சொல்லைக் கேட்டதும் எனக்கு அவரைப் பிடித்துப் போயிற்று.

"குரலுக்குப் போற நரம்பு பக்கத்துலதான் ஓடுது. சூக்ஷிச்சு, பாத்துத்தான் செய்வோம். ஆனாலும் சொல்ல வேண்டியது சொல்லணுமில்லே," என்றும் சொன்னார்.

"எடுத்தர்லாமுங்க," என்றேன். அவர் வாக்கியத்தை முடித்தாரோ இல்லையோ. பக்கத்தில் என் கணவரின் கை மெல்ல எழுந்து கழுத்தை மூடிக்கொண்டது. அதை நான் அப்போது கவனித்ததாகக் காட்டிக்கொள்ளவில்லை.

வீடு வரும்வரை சண்டை. "அதிகமும் ஒண்ணும் இருக்காதுன்னு அந்தம்மாவே சொல்லுது. அப்புறம் என்னத்துக்குப் புள்ளை அறுக்கறது?" என்றார்.

"இருந்துட்டா?"

"கொரலு போயிட்டா?"

"உசுரு பெருசா கொரலு பெருசாங்க?"

அவர் அடுத்த நாள் காலை சட்டை போட்டுக்கொண்டே, "வெள்ளிக்கெழமை மாரியம்மங்கோயல்ல பூக்கட்டிப் பாத்தர்லாம். அம்மன் வெள்ளை குடுத்தா வெட்டட்டும். செவப்பு வந்தா என்னைய வுட்ரு," என்றார்.

எங்கள் பக்கத்தில் பூக்கட்டிப் பார்க்காமல் கிணறு தோண்டமாட்டார்கள், பெண் கொடுக்கமாட்டார்கள். ஒரு பொட்டலத்தில் வெள்ளை அரளி, ஒன்றில் செவ்வரளி. வாழைச் சருகில் மடித்து நாரால் கட்டி அம்மன் முன் வைப்பார்கள். வெள்ளை வந்தால் உத்தரவு, சிவப்பு வந்தால் இல்லை. கட்டுகிறவர் ஒருவர், கேட்கிறவர் ஒருவர், எடுக்கிறவர் ஒருவர். எடுப்பவர் யாரோ வழிப்போக்கராக இருக்க வேண்டும். எந்தப் பொட்டலத்தில் எது என்று எடுக்கிறவருக்கும் தெரியாது, கேட்கிறவருக்கும் தெரியாது. சும்மா சொல்லக் கூடாது, எங்கள் கூடத்தில் மாதிரி எடுக்கிற முறையைவிட இது சுத்தமான முறை. எங்கள் ஆட்களுக்கு எந்தக் கம்பி யாருடையது என்று தெரிந்துவிடும். அம்மனின் கூடத்தில் அந்தப் பேச்சே இல்லை.

ஓட்டை ஒன்றே ஒன்றுதான். கட்டுகிறவர் யார் என்பது.

"நீயே கட்டு புள்ளை," என்றார் அவர், கோயில் வாசலில். "உங்கையில தப்பு வராது."

அவர் பூசாரியிடம் பேசப் போனார். நான் பிராகாரத்து மூலையில் உட்கார்ந்து இரண்டு பூவையும் மடியில் வைத்துக்கொண்டேன். பாதிக்குப் பாதி. பாதிக்குப் பாதியில் விற்க நான் ஒரு கம்பியைக்கூட அனுமதித்ததில்லை. இது என் புருஷன் கழுத்து. பக்கத்திலேயே வெள்ளை அரளிச் செடி நின்றது, பூத்துக் குலுங்கி. என் கை தானாக நீண்டது என்று எழுத ஆசைதான். தானாக ஒன்றும் நீளவில்லை. சுற்றும் முற்றும் பார்த்துவிட்டு, எழுந்து போய், நல்ல பூவாகப் பார்த்துப் பறித்தேன். இரண்டு பொட்டலத்திலும் வெள்ளை. செவ்வரளியை முந்தானையில் முடிந்துகொண்டேன். அம்மன் முகத்தைப் பார்க்கவில்லை. அவள் பார்த்திருப்பாள், அது அவள் பாடு.

எடுக்க ஆள் வேண்டும். அந்த நேரம் பார்த்து சைக்கிளில் வந்தவர் ஒரு லாட்டரிச் சீட்டு விற்கிறவர். பூசாரி அவரைக் கைதட்டிக் கூப்பிட்டு விஷயத்தைச் சொன்னார்.

"நானா?" என்றார் அவர். "நான் எடுத்துக் கொடுத்த டிக்கெட்டுக்கு இதுவரைக்கும் ஒருத்தருக்கும் ஒண்ணும் அடிச்சதில்லை கேட்டோ. பின்னே நீங்க குற்றம் சொல்லக் கூடாது."

என் கணவருக்கு முகம் வெளுத்துவிட்டது. நான் மட்டும் தைரியமாக, "நீங்களே எடுங்க, பரவால்லீங்க," என்றேன். இவ்வளவு பக்தியை என்னிடம் அவர் பார்த்ததில்லை. சீட்டுக்காரர் கண்ணை இறுக்கி மூடி, இரண்டு பொட்டலத்துக்கும் மேலே கையை வட்டமாகச் சுற்றி, இடது பக்கத்தில் இருந்ததை எடுத்தார். பூசாரி பிரித்தார். வெள்ளை.

"உத்தரவாச்சுங்க," என்றார் பூசாரி. சீட்டுக்காரர்தான் அதிகம் சந்தோஷப்பட்டார். கடைசியில் தன் கைக்கும் ஒன்று விழுந்துவிட்டது என்று சொல்லிச் சொல்லி மாய்ந்தார். என் கணவர் பெருமூச்சு விட்டு, நெற்றியில் திருநீறு பூசிக்கொண்டு, "சரி, வெட்டட்டும்," என்றார். எனக்கு உள்ளே ஒரே கொண்டாட்டம்.

அதற்குப் பிறகு நடந்ததுதான் எதிர்பாராதது. எடுக்காத பொட்டலத்தை வழக்கமாகக் கோயில் கிணற்றில் போட்டுவிடுவார்கள். பூசாரி அதற்காகக் கையை நீட்டும்போது என் கணவர், "அது எங்கிட்டயே இருக்கட்டுங்க," என்று சொல்லிச் சட்டைப்பையில் போட்டுக்கொண்டார்.

"தண்ணியில வுட்ரலாமுங்க. வேண்டாம்னு அம்மன் ஒதுக்குனது," என்றேன்.

"ஒதுக்குனதும் அம்மன்தானே புள்ளை," என்று சொல்லி, பையைத் தட்டிக்கொண்டு பஸ்ஸுக்குப் போய்விட்டார்.

மடியில் கனம் இருந்தால் வழியில் பயம் என்பார்கள். எனக்குக் கனம் அவர் சட்டைப்பையில் இருந்தது. ராத்திரிச் சாப்பாட்டுக்கு வந்தவர் அதை எடுத்துச் சாமிப் படத்துக்குப் பின்னால் வைத்தார். நாரும் முடிச்சும் அப்படியே இருந்தன. அப்பாடா என்று இருந்தது. மறுநாள் அவர் குளிக்கப் போனதும் வேலையைத் தொடங்கினேன். அரிசி டப்பாவில் ஒளித்து வைத்திருந்த செவ்வரளியை எடுத்தேன். ஒரே நாள் பறித்த பூ, ஒரே அளவு வாடல். பொட்டலத்தைப் பிரித்து வெள்ளையை எடுத்துவிட்டுச் சிவப்பை வைத்து, அதே மடிப்பில் மடித்து, அதே நாரால் கட்டினேன். அவர் தலையில் தண்ணீர் ஊற்றிக்கொள்ளும் சத்தம் நிற்பதற்குள் முடிந்துவிட்டது. இனி யார் பிரித்துப் பார்த்தாலும் எல்லாம் முறைப்படி. ஒரு மோசடியை இவ்வளவு நேர்த்தியாகச் செய்ய முடியுமா என்று என்னையே மெச்சிக்கொண்டேன். அன்று கூடத்தில் அந்தப் புதுப்பெண்ணை மட்டும் நிமிர்ந்து பார்க்க முடியவில்லை.

இரண்டு வாரம் கழித்து ஆபரேஷன். அதிகாலையிலேயே அவருக்குப் பச்சை அங்கி மாட்டி உட்கார வைத்துவிட்டார்கள். ஒரு நர்ஸ் நான்கு பக்கத் தாள் கொண்டுவந்தார். சம்மத பத்திரம். நோயாளியும் ஒப்புப் போட வேண்டும், வீட்டு ஆளும் ஒப்புப் போட வேண்டும். ஒப்பு என்றால் இங்கே கையெழுத்து.

அவர் வாங்கினார், படிக்கவில்லை, போட்டார். என்னிடம் நீட்டினார். நான் படித்தேன். படிக்காமல் கையெழுத்துப் போட்டு எனக்குப் பழக்கமில்லை. ரத்தம் போகலாம், குரல் போகலாம், மயக்கம் தெளியாமல் போகலாம். ஒவ்வொரு வரியிலும் "லாம்". ஒரு வரிகூட இவ்வளவுதான், இதற்குமேல் ஆகாது என்று சொல்லவில்லை. இருபத்து மூன்று வருஷத்தில் எத்தனையோ ஆயிரம் தாளில் ஓடிய கை அந்த ஒரு தாளில் நின்றுவிட்டது. பேனா முனையைத் தாளில் வைத்தேன், ஒரு புள்ளி விழுந்தது, அவ்வளவுதான். இந்தக் கழுத்தை வெட்டச் சொன்னது யார்? அம்மன் இல்லை. நான்.

"ஏனுங்க," என்றேன். "ரெண்டுலயும் வெள்ளைதானுங்க வெச்சேன்."

அவர் திரும்பிப் பார்த்தார். "தெரியும்," என்றார்.

"எப்பிடீங்க?"

"அன்னைக்கு மத்தியானமே. கொழிஞ்சாம்பாறையில டீ குடிக்கறப்ப, அம்மன் வேண்டாம்னது எப்பிடி இருக்குதுன்னு பாக்கலாம்னு பிரிச்சேன். வெள்ளையா இருந்துது. கட்டி வெச்சுட்டேன். நேத்து ஆசுபத்திரிப் பையில வெக்கறதுக்கு மறுக்காப் பிரிச்சேன். செவந்து கெடக்குது." அவருக்குச் சிரிப்பு வந்துவிட்டது. "அம்மன் அற்புதம்னு பஸ்ஸுல சொல்லலாமான்னு பாத்தேன். அப்புறம் வண்டிக்கு மாலை போட்டுத் தேங்கா ஒடைச்சு, டைமுக்கு எடுக்க வுடமாட்டாங்கன்னு வுட்டுட்டேன்."

எனக்குச் சிரிப்பு வரவில்லை. "எல்லாந் தெரிஞ்சு அப்புறம் எதை நம்பிங்க வந்தீங்க?"

அவர் அங்கியின் நாடாவைச் சுற்றிக்கொண்டிருந்தார். "இத்தனை வருசத்துல ஒரு கம்பிக்கு நீ பொய் எழுதுனதில்லை. எனக்கோசரம் எழுதீருக்கறே. அம்மன் நெசமாலுமே வெள்ளை குடுத்திருந்தாக்கூடப் பாதி மனசாத்தான் புள்ளை வந்திருப்பேன்."

பிறகு, "ஒப்புப் போடு. அந்த நர்சுப் புள்ளை நின்னுட்டே இருக்குது," என்றார். போட்டேன். என் கையெழுத்து மாதிரியே இல்லை. வங்கியில் காட்டினால் திருப்பி அனுப்பியிருப்பார்கள்.

வெளியே நாற்காலியில் உட்கார்ந்திருந்த மூன்று மணி நேரத்தில் எனக்கு ஒன்று விளங்கியது. நான் நிச்சயமாகத் தெரிந்துகொள்ள வேண்டும் என்று நின்றவள். அதற்காகச் சிவப்பே வர வழியில்லாமல் செய்தேன். சிவப்பு வராத இடத்தில் நம்புவதற்கு என்ன இருக்கிறது? அவருக்கு அம்மனும் உறுதி சொல்லவில்லை, டாக்டரும் சொல்லவில்லை, பெண்டாட்டி ஏமாற்றினாள் என்பது மட்டும்தான் நிச்சயமாகத் தெரிந்தது. அதை வைத்துக்கொண்டு கழுத்தை நீட்டிவிட்டார். எனக்கு வெட்கமாக இருந்தது. அதைவிட அதிகமாகப் பயமாக இருந்தது.

வெட்டி எடுத்த கட்டியின் ரிப்போர்ட் பத்து நாள் கழித்து வந்தது. ஒன்றுமில்லை. வெறும் கட்டி. தீர்மானமாக, சந்தேகத்துக்கு இடமில்லாமல், ஒன்றுமே இல்லை. அப்படி ஒரு ரிப்போர்ட்டுக்காகத்தான் நான் காத்திருந்தேன். படித்துவிட்டு வராந்தாவிலேயே கையெடுத்துக் கும்பிட்டேன். கும்பிட்ட கை இறங்குவதற்குள் அடுத்த எண்ணம் வந்துவிட்டது. அப்படியானால் அந்தக் கட்டி அங்கேயே இருந்திருக்கலாம்.

ஏனென்றால் குரல் போய்விட்டிருந்தது. வாயைத் திறந்தால் காற்று வந்தது. நரம்பு அறுபடவில்லை, ஆனால் அசதியாக இருக்கிறது என்றார் டாக்டர்.

"திரும்ப வருமுங்களா?"

"வரலாம் சேச்சி. சிலருக்குக் கொஞ்சம் மாசம் பிடிக்கும்."

"உறப்பா?"

"உறப்புச் சொல்ல முடியாது."

இந்த முறை வெட்டி எடுத்துப் பார்க்க எதுவும் இல்லை.

வீட்டில் அவர் ஒரு நாள்கூட, 'பாத்தியா' என்று முகத்தால்கூடச் சொல்லவில்லை. அதுதான் என்னைக் கொன்றது. வேண்டுமென்றே சண்டைக்கு இழுத்தேன். பழைய டிக்கெட் கட்டின் பின்பக்கத்தில், 'சாம்பாரில் உப்பு இல்லை' என்று எழுதி நீட்டுவார். நான் கத்துவேன். அவர் இன்னொரு டிக்கெட் எடுத்து நிதானமாக, 'இப்பவும் இல்லை' என்று எழுதுவார். கல்யாணமான நாளிலிருந்து முதல்முறையாக ஒவ்வொரு சண்டையிலும் வாயால் பேசிய கடைசி வார்த்தை என்னுடையதாக இருந்தது. அதில் ஒரு ருசியும் இல்லை. ஒருநாள் அடுக்களையில் நின்று நன்றாக அழுதேன். வந்து பார்த்துவிட்டு, 'உப்பு இப்ப சரியாயிருக்கும்' என்று எழுதிக் காட்டினார்.

கூடத்தில் அந்தப் புதுப்பெண்ணைக் கூப்பிட்டு, நானும் இழுக்காமல் ஒரு ரிப்போர்ட் கொடுத்துவிட்டேன் என்று சொன்னேன். அவள் வெலவெலத்துப் போனாள். "எந்தக் கம்பிங்க அக்கா?" என்றாள். "வீட்டுக்குப் போனது," என்றேன். பாவம், எந்த வீடு இடியப் போகிறதோ என்று அன்று முழுக்கக் கவலையாக இருந்தாள்.

மூன்றாம் மாசம் அவர் வேலைக்குத் திரும்பினார். கத்தக் கூடாது என்று கட்டளை. கழுத்தில் ஒரு மப்ளர், வாயில் ஒரு விசில். நிறுத்தங்களின் பெயரைத் தினப்படி வருகிறவர்களே கூவினார்கள். ஆளாளுக்கு ஒரு ராகம், பாதிப்பேர் நிறுத்தம் தாண்டியபிறகுதான் கூவினார்கள். டிரைவர் தலையில் அடித்துக்கொண்டு ஓட்டினார்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை பாலக்காட்டில் வேலையிருந்து அந்தப் பஸ்ஸிலேயே ஏறினேன். பெண்கள் பக்கத்தில் இடம் கிடைத்தது. பக்கத்தில் கூடையோடு ஓர் அம்மாள், எங்கள் வயதுதான் இருக்கும். நான் யார் என்று அவருக்குத் தெரியாது. முன்னால் நின்று விசில் ஊதுகிறவரையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"இந்தக் கண்டக்டருக்கு மணியாட்டக் கொரலுங்க," என்றார் என்னிடம். "இவரு கூப்பிடற சத்தத்துக்குத்தான் நான் அடுப்பை அணைச்சுட்டுக் கெளம்புவேன். பாவம், என்னமோ ஆபரேசனாம். இனி வருங்களா அந்தக் கொரலு?"

"வருமுங்க," என்றேன்.

"டாக்டரு சொன்னாங்களா?"

"இல்லீங்க. நாஞ் சொல்றேன்."

அந்த அம்மாள் என்னை ஒரு மாதிரி பார்த்தார். எங்கள் பின்னால் டிக்கெட் கட்டோடு அவர் வந்து நின்றிருந்ததை அப்போதுதான் கவனித்தேன். எவ்வளவு நேரமாக நிற்கிறார் என்று தெரியவில்லை. அம்மாளுக்கு டிக்கெட் கிழித்துக் கொடுத்தார். பிறகு என் காதருகில் குனிந்தார். வந்தது பாதி காற்று, பாதி பேச்சு.

"பொய் சொல்ல நல்லாப் பழகிட்டே புள்ளை."

"இது பொய்யில்லீங்க," என்றேன்.